அண்ணன் ஏறாத கோட்டை

"நீ ஏறிட்டு வாடா, தணிகாசலம். நான் இந்த மரத்தடியிலேயே இருக்கேன்" என்று அண்ணன் சொன்னதும், இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அவர் மனம் மாறிக் கூடவே கிளம்பிவிடுவாரோ என்று பயந்தவன்போலத் தணிகாசலம் சட்டென்று தலையாட்டினான். ஆட்டிய பிறகுதான் இவ்வளவு அவசரம் காட்டியிருக்க வேண்டாம் என்று பட்டது. அண்ணனால் ஏற முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கோட்டை வாசலில் டிக்கெட் கொடுக்கிற இடத்திலிருந்து கல்யாண மகாலுக்கு முன்னால் இருக்கிற புல்வெளிக்கு வருவதற்குள்ளேயே அவர் மூன்று முறை நின்றார். மூச்சு வாங்குவதற்காக நின்றதுபோல் தெரியக்கூடாதென்று நின்ற இடத்திலெல்லாம் எதையாவது பார்த்தார். மதிலைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், ஒன்றுமே இல்லாத ஒரு கருவேலம் புதரைக்கூட நின்று பார்த்தார். இப்போது சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களைப் புல்லின்மேல் வைத்திருந்தார். சட்டையின் இடது கை மட்டும் மணிக்கட்டு வரை இறக்கிவிடப்பட்டிருந்தது. அதற்குள்ளே, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாயை இணைத்துத் தைத்த இடம் தாம்புக்கயிறு மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். தொட்டால் உள்ளே ஒரு வண்டு சுற்றுவதுபோல் விர்ரென்று அதிரும். "பாதி வரைக்கும் போயிட்டுத் திரும்பிடறேண்ணா" என்றான். "பாதியில எதுக்குத் திரும்பணும்? உச்சி வரைக்கும் போ. முப்பது வருஷம் இந்த ரோட்டுல பஸ்ல டிக்கெட் கிழிச்சிருக்கேன். திண்டிவனத்துல கிளம்பினா திருவண்ணாமலை, அங்க இருந்து திரும்ப. ஒரு நாளைக்கு நாலு தடவை இந்த மலையப் பார்த்திருக்கேன். ஒரு தடவை எறங்கி ஏறினதில்ல. நீயாவது போய்ப் பார்த்துட்டு வா." பிறகு, "மெதுவாப் போ. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அவசரமில்லை என்ற அந்தச் சொல்தான் தணிகாசலத்தின் முதுகில் வந்து உட்கார்ந்துகொண்டது.

படிகள் தொடங்கும் இடத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்து யாரோ போட்ட வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தது. காலை ஒன்பதரைதான் ஆகியிருந்தது, ஆனால் கல் அதற்குள் சூடேறத் தொடங்கிவிட்டது. படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். ஒன்று கணுக்கால் அளவு, அடுத்தது முழங்கால் அளவு, கட்டியவன் ஏறுகிறவனின் மூச்சைக் குலைப்பதற்காகவே இப்படிக் கட்டினானோ என்னவோ. எதிரி ஏறிவரக் கூடாது என்றுதானே கட்டியிருப்பார்கள். நான் யாருக்கு எதிரி. முதல் வளைவு வரும்வரை அவன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை. தொண்டை வறண்டது. இருந்தாலும் கீழே பெஞ்சிலிருந்து அண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார், இங்கிருந்து தெரிகிறதென்றால் அங்கிருந்தும் தெரியும். அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். காபி, மோர், ரசம், மாத்திரைக்கு விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதில் சேர்த்தி. அண்ணி தெய்வானை காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவாள். அது தீர்ந்துபோனால் வாயைக் கொப்பளித்துத் துப்பலாம், அவ்வளவுதான். ஒரு நாள் அவன் போயிருந்தபோது அண்ணன் குழாயடியில் நின்று கொப்பளித்துக்கொண்டிருந்தார். பத்துத் தடவை, பதினைந்து தடவை. துப்புவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். வளைவு வந்தது. பாறை மறைத்தது. தணிகாசலம் பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தான். சட்டையில் வழிந்தது. குடித்து முடித்ததும் திருடியவன்போல் வாயைத் துடைத்துக்கொண்டான். இது என்ன கூத்து, நான் தண்ணீர் குடித்தால் அவருக்குத் தாகம் கூடுமா, குடிக்காமல் போனால் குறையுமா. இருந்தாலும் துடைத்துக்கொண்டான்.

யாரும் அவனைக் கேட்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். கேட்டிருந்தால் ஒரு பதில் சொல்லியிருக்கலாம். அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி, நான்கு நான்கு மணி நேரம் மிஷின். போன மாசம் பெரிய டாக்டர் அண்ணியையும் இவனையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இனிமேல் மாற்றுவதுதான் நல்லது, ரத்த சொந்தம் கொடுத்தால் நன்றாகப் பொருந்தும் என்றார். அண்ணிக்குச் சர்க்கரை, அவள் கொடுக்க முடியாது. அண்ணன் பெண் கைக்குழந்தைக்காரி. அம்மா அப்பா இல்லை. ரத்த சொந்தம் என்று டாக்டர் சொன்னபோது அறையில் மிஞ்சியிருந்தது அவன் ஒருத்தன். டாக்டர் அவனைப் பார்க்கவில்லை. அண்ணியும் பார்க்கவில்லை. அவர்கள் பார்க்காமல் இருந்ததே பார்ப்பதுபோல இருந்தது. மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் சிறுநீரகம். மூடியைத் திறந்தால் உள்ளே சிவப்பும் நீலமுமாகக் குழாய்கள். கை தானாகப் போய் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தது. முப்பது வருஷமாக மோட்டார் பிரித்துப் பிரித்துப் பழகிய கை. முதல் டெஸ்ட் அடுத்த மாசம் ஒரு புதன்கிழமை, விருப்பம் இருந்தால் வரலாம் என்றார் டாக்டர் பொதுவாக, சுவரைப் பார்த்து. வருகிற புதன்தான் அது. அதற்குப் பிறகு அண்ணி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக விழுந்தது. அவளுக்கே தெரியாமல் விழுந்ததோ, தெரிந்தே போட்டாளோ. அந்த முட்டையைத் தின்னவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை. தின்றான்.

மூச்சு இரைத்தது. நின்று, பாறையில் கை ஊன்றி, இன்னொரு கையால் இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்துக்கொண்டான். இப்போதெல்லாம் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. பஸ்ஸில் நிற்கும்போது, கடையில் மோட்டார் ஆர்மேச்சருக்குக் கம்பி சுற்றும்போது, கை அங்கே போய்விடுகிறது. பெரும்பாலும் இடது பக்கம்தான் எடுப்பார்களாம். அங்கே ஒன்று இருக்கிறது என்பது நாற்பத்தொன்பது வருஷமாக அவனுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டதால் அது கனக்கிறது. ஒன்று போதும், ஒன்றை வைத்துக்கொண்டு எண்பது வயசு வரை இருக்கிறார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் எல்லாருக்கும் இரண்டு இருக்கிறது. மருத்துவமனை ரோட்டில் ஒரு அடுக்கு மாடிக் குடியிருப்புக்கு அவன்தான் மோட்டார் பார்க்கிறான். இரண்டு மோட்டார், ஒன்று ஓடும், ஒன்று சும்மா கிடக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒன்று புகைந்துபோனது. அதைக் கழற்றியதோடு சரி, குடியிருப்புக்காரர்கள் வேறொன்று வாங்கி மாட்டவே இல்லை. ஒற்றை மோட்டார் இன்று வரை ஓடிக்கொண்டிருக்கிறது, கேடில்லை. ஆனால் அந்தக் குடியிருப்பின் காவல்காரன் ராத்திரியில் அது கொஞ்சம் முனகினாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறானாம். அதுதானே விஷயம். ஓடும், ஆனால் முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும். அவன் மனைவி குமுதா அதைத்தான் வேறு மாதிரி சொன்னாள். "உங்க அண்ணன் நல்லா இருக்கணும்னுதான் நானும் சாமிகிட்ட வேண்டிக்கிறேன். ஆனா போர்வெல்லுல இருந்து மோட்டார் தூக்கறது யாரு? நீங்கதான. பொண்ணு பன்னெண்டாவது முடிக்கப் போறா. ரெண்டு வீட்டுலயும் ஆம்பள படுத்துக்கிட்டா யாரு எழுப்பறது?" கத்திச் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். கத்தியிருந்தால் சண்டை போட்டுவிட்டு வெளியே போயிருக்கலாம். அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறான். அகப்படவில்லை. அண்ணனுக்குக் கொடுக்க வேண்டும் என்பதிலும் தப்பு அகப்படவில்லை. இரண்டு சரிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவனுக்குத் தூக்கம் வருவதில்லை, அவ்வளவுதான்.

கமலக்கண்ணியம்மன் கோயில் அருகே ஒரு பெண் வெள்ளரிப்பிஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னும் எவ்ளோ தூரம்மா?" என்று கேட்டான். "பாதிகூட வரலியே. இனிமேத்தான் மலையே இருக்கு" என்றாள், வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல. அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கால் நரம்பெல்லாம் தனித்தனியாகத் துடித்தது. இங்கேயே இருந்துவிட்டுக் கீழே போய், மேலே போய்வந்தேன் என்று சொல்லலாம். அண்ணனுக்கு என்ன தெரியும். ஆனால் அண்ணனிடம் பொய் சொல்லி அவன் ஒருநாளும் தப்பியதில்லை. கண்டக்டர் கண். கூட்டத்தில் டிக்கெட் வாங்காதவன் எவன் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவனையும் அப்படித்தான் பிடித்தார். பத்தொன்பது வயசில், மோட்டார் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தபோது, அண்ணன் பஸ் என்று தெரிந்தேதான் ஏறினான். அண்ணன் பஸ்ஸில் தம்பிக்கு எதற்கு டிக்கெட் என்ற திமிர். ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தான். விசில் சத்தம். பஸ் நின்றது, வெறும் பொட்டலில். "டிக்கெட் இல்லாதவன் எறங்கு" என்றார் அண்ணன், யாரோ ஒருத்தனிடம் சொல்வதுபோல. அவன் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை. அறுபது பேர் பார்த்தார்கள். இறங்கினான். பஸ் போய்விட்டது. மத்தியானம் ஒரு மணி. நாலு மைல் நடந்தான். தார் உருகி ரப்பர் செருப்பில் ஒட்டியது. ராத்திரி வீட்டில் அண்ணன் ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு டிக்கெட், அவர் பையிலிருந்தே கிழித்துக் கொடுத்திருக்கலாம். முப்பது வருஷமாக அதை யாரிடமும் சொன்னதில்லை. மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தான். டாக்டர் அறையில் ரத்த சொந்தம் என்ற வார்த்தை விழுந்ததும் முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பொட்டல்தான். அவனை அந்தக் கடையில் சேர்த்துவிட்டது இதே அண்ணன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்து அலைந்தது இதே அண்ணன். குமுதாவுக்குப் பிரசவம் சிக்கலானபோது ரத்தம் கொடுக்க வரிசையில் முதல் ஆளாக யூனிஃபாரத்தோடு நின்றது இதே அண்ணன். அதெல்லாம் ஞாபகம் வரவில்லை. வரவழைக்க வேண்டியிருந்தது. பொட்டல் மட்டும் கூப்பிடாமல் வருகிறது. நான் எப்படிப்பட்ட ஆள். முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

கோயிலுக்கு மேலே படிகள் செங்குத்தாகின. எண்ணத் தொடங்கி, நூற்றுப் பத்தில் விட்டு, மறுபடி தொடங்கி, மறுபடி விட்டான். எண்ணும்போது மட்டும் வேறு எதுவும் வரவில்லை. விட்டால் உடனே வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி வாசனை வந்தது. கையில் ஊசி ஏற்றி, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்வார்களாமே, எத்தனையில் நினைவு போகும்? போன நினைவு திரும்பாமலே போனால்? அப்படிப் போவது நோய்க்காரனாக இருந்தால் ஊர் ஒப்புக்கொள்ளும். நன்றாக இருந்தவன், தானே நடந்து போய்ப் படுத்தவன் போனால்? குமுதா அண்ணி முகத்தில் எப்படி விழிப்பாள், அண்ணி குமுதா முகத்தில் எப்படி விழிப்பாள்? நடக்காத சாவுக்கு வீட்டில் யார் யார் எங்கே உட்கார்ந்து அழுவார்கள் என்பது வரை மனசு போய்விட்டு வந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை இரண்டாகப் பிளந்திருந்தது. அதற்குமேல் ஒரு பாலம். கீழே பார்க்காமல் போ என்று யாரோ பின்னால் வந்தவன் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். தணிகாசலம் பார்த்தான். பள்ளத்தில் ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் சுழன்றுகொண்டிருந்தது. எட்டு மாடிக் கட்டடத்தின் தொட்டிமேல் நின்று வேலை பார்ப்பவன், உயரத்துக்குப் பயந்ததில்லை. இப்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டே பாலத்தைக் கடந்தான். பயம் உயரத்தினாலா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. எல்லாப் பயமும் இப்போது ஒரே பயம் ஆகிவிட்டது.

உச்சியில் பெரிதாக ஒன்றும் இல்லை. சாமி இல்லாத ஒரு கோயில், ஒரு மணிக்கூண்டு, நெற்களஞ்சியம் என்று பலகை வைத்த ஒரு நீளக் கட்டடம், ஒரு பீரங்கி. சுவரெல்லாம் பெயர்கள், அம்புக்குறிகள். காற்றுதான் பெரிதாக இருந்தது. சட்டையை உடம்போடு ஒட்டி அறைந்தது, வியர்வை ஒரு நிமிஷத்தில் குளிர்ந்தது. திண்டிவனம் ரோடு மலைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடாகப் போனது. ஒரு பஸ் தீப்பெட்டி அளவில் ஊர்ந்தது. அதில் யாராவது ஒரு கண்டக்டர் இப்போது அண்ணாந்து இந்த மலையைப் பார்த்துவிட்டுச் சில்லறைக்குத் திரும்பிக்கொண்டிருப்பான். தணிகாசலம் களஞ்சியத்தின் நிழலில் கால் நீட்டிச் சாய்ந்தான். இங்கே ஒரு முடிவு எடுத்துவிட வேண்டும் என்று ஏறும்போதெல்லாம் நினைத்திருந்தான், உச்சியில் முடிவு எங்கோ ஒரு கல்லின்மேல் தயாராக வைத்திருக்கும் என்பதுபோல. ஒன்றும் இல்லை. அலுப்புதான் இருந்தது. ஒத்துக்கொள்வதற்கும் தெம்பு வேண்டும், மறுப்பதற்கும் தெம்பு வேண்டும், இரண்டும் அவனிடம் இல்லை. கண்ணை மூடி, சொல்லிப் பார்த்தான். முடியாதுண்ணா. வேண்டாம், மொட்டையாக இருக்கிறது. மன்னிச்சுக்கோண்ணா, எனக்குப் பயமா இருக்கு. இது உண்மை, ஆனால் நாற்பத்தொன்பது வயசு ஆம்பளை எப்படிச் சொல்வது. குமுதா ஒத்துக்க மாட்டேங்கறாண்ணா. இது வாயில் நன்றாக உட்கார்ந்தது. யாரும் இதற்கு மறுபேச்சுப் பேச முடியாது. அண்ணன் தலையை ஆட்டுவார், அவ சொல்றதும் நியாயந்தானே என்பார். அண்ணி குமுதாவை வெறுப்பாள். வெறுப்பு குமுதாவுக்குப் போகும், நான் நடுவில் பாவமாக நின்றுகொள்ளலாம். எவ்வளவு வசதி. அந்த வசதி அவனுக்கே குமட்டியது. ஆனாலும் வேறு வாக்கியம் கிடைக்கவில்லை. அதையே முணுமுணுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினான். குமுதா ஒத்துக்க மாட்டேங்கறாண்ணா. ஒரு படிக்கு ஒரு வார்த்தை.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. தொடைகள் ஈரத்துணிபோல் துவண்டன. கோயிலைத் தாண்டி, வெள்ளரிப்பிஞ்சுக்காரியைத் தாண்டி, பாறை விலகிப் புல்வெளி தெரியும் இடத்துக்கு வந்தான். கல்யாண மகால் தெரிந்தது. மரம் தெரிந்தது. பெஞ்சு தெரிந்தது. பெஞ்சில் யாரும் இல்லை. நின்றான். கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தான். அண்ணனின் பை மட்டும் பெஞ்சில் இருந்தது, மஞ்சளாக. மரத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தான். ஒருத்தி அங்கிருந்து விலகி ஓடினாள். தணிகாசலத்துக்குப் புரிந்துவிட்டது. வெயிலில் மயக்கம் வந்து விழுந்திருப்பார். டாக்டர் சொன்னாரே, இந்த நோயில் எந்த நேரமும் இதயம் நின்றுவிடலாம் என்று. போய்விட்டார். அந்த நிமிஷத்தில், அண்ணன் போய்விட்டார் என்று புரிந்த அந்த நிமிஷத்தில், அவனுக்குள்ளே எதுவோ தளர்ந்து கீழே இறங்கியது. நாள் முழுக்கத் தலையில் தூக்கி வந்த சுமையை யாரோ பின்னாலிருந்து வாங்கிக்கொண்டதுபோல, தோள், கழுத்து, வயிறு எல்லாம் லேசாயிற்று. அப்பாடா. இனிமேல் யாரும் கேட்கமாட்டார்கள். புதன்கிழமை இல்லை. அந்த வாக்கியம் வேண்டாம். இரண்டு படி இறங்கினான், அந்த லேசோடு, காற்றில் நடப்பவன்போல. மூன்றாவது படியில் கால் வைக்கும்போதுதான் தான் நினைத்தது என்னவென்று அவனுக்குக் கேட்டது. வேறு யாரோ பக்கத்தில் நின்று சொன்னதுபோல் தெளிவாகக் கேட்டது. அண்ணா என்று கத்த நினைத்தான், வாயில் காற்றுதான் வந்தது. ஓடினான். படி தவறி உட்கார்ந்தான், உள்ளங்கை கிழிந்தது, எழுந்து மறுபடி ஓடினான். ஏறிவந்த யாரோ "பார்த்துப்பா, பார்த்து" என்றார்கள். முதல் வளைவு எங்கே வந்தது எங்கே போனது என்று தெரியவில்லை. கடைசிப் படியைத் தாண்டிப் புல்லில் கால் வைத்தபோது வட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஒரு குரங்கு ஒரு பெண்ணின் கைப்பையைப் பறித்துக்கொண்டுபோய்த் தரையில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறது. பிஸ்கட் போட்டுப் பையை மீட்டிருக்கிறார்கள். அண்ணன் மரத்துக்கு அந்தப் பக்கம், நகர்ந்துபோன நிழலில், வேரின்மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள எறங்கிட்டியா? ஏன்டா இப்படி இரைக்குது?" என்றார். தணிகாசலம் பேச முடியாமல் அவர் பக்கத்தில் விழுந்ததுபோல் உட்கார்ந்தான். "கையில என்ன ரத்தம்?" "விழுந்துட்டேன்." அண்ணன் தன் துண்டை எடுத்து, அவன் கையை இழுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, மண்ணைத் துடைத்தார். "உச்சிக்குப் போனியா?" "போனேன்." "என்ன இருக்கு?" "ஒண்ணும் இல்லண்ணா. ஒரு கோயில், பீரங்கி. காத்து நல்லா அடிக்குது." "அவ்வளவுதானா" என்று அண்ணன் மலையைப் பார்த்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தத் துடைப்பைத் தாங்க முடியவில்லை. "பாதி எறங்கி வந்து பார்த்தேன். பெஞ்சுல உன்னக் காணோம். கூட்டமா நின்னாங்க" என்றான். "வெயில் வந்துடுச்சுன்னு இந்தப் பக்கம் வந்தேன். செத்துகித்துப் போயிட்டேன்னு நெனச்சிட்டியா?" தணிகாசலம் ஆமாம் என்று தலையை ஆட்டினான். அண்ணன் சிரிக்கத் தொடங்கினார், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். சொல்லாமல் விட்டிருக்கலாம். பயந்துவிட்டேன் என்பதோடு விட்டிருந்தால் அதுவும் உண்மைதான். ஆனால் அவர் கண் அவன் முகத்தின்மேல் இருந்தது. "நெனச்ச உடனே எனக்கு அழுக வரலண்ணா" என்றான். "அப்பாடான்னு இருந்துச்சு."

அண்ணன் துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். தூரத்தில் பை மீண்ட பெண் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு நேரம் இருந்துச்சு?" என்று கேட்டார். "எது?" "அந்த அப்பாடா." "ரெண்டு படி எறங்கற நேரம்." அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்குச் சில நாள் நாலு மணி நேரம் இருக்கும்டா. மிஷின்ல படுத்திருக்கற நேரம் பூரா. இப்படியே போயிட்டா தெய்வானை படுத்துத் தூங்குவா, நீ தலையத் தூக்கி நடப்பன்னு. ரெண்டு படி ஒரு பெரிய விஷயமா." பிறகு காலைப் புல்லில் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "உன்ன இங்க கூட்டிட்டு வந்ததே, வேணாம்டான்னு சொல்லத்தான். உனக்குக் குடும்பம் இருக்கு, வேலை அப்படி. மிஷின் இருக்கு, ஓடற வரைக்கும் ஓடட்டும்னு சொல்லணும்னு ஒரு வாரமா நெனச்சு வச்சிருந்தேன். பஸ்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்ல முடியல. ஏன் தெரியுமா? சொன்னா நீ சரின்னுடுவியேன்னு பயமா இருந்துச்சு." அவர் குரல் உடையவில்லை. கால அட்டவணையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். காதோரம் நரைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. தணிகாசலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மனுஷனுக்குச் சாகப் பிடிக்கவில்லை. இவ்வளவுதான் விஷயம். இத்தனை நாளாக அவன் நினைத்ததெல்லாம் தன் விலாவைப் பற்றி, குமுதாவைப் பற்றி, அண்ணியின் முட்டையைப் பற்றி. அண்ணனுக்குப் பயமாக இருக்கும் என்பது ஒருநாளும் தோன்றவில்லை. அவன் பயத்துக்கு அண்ணன் பயம் பதில் இல்லை. அவன் பயம் அப்படியே கிடந்தது, கொஞ்சமும் கரையவில்லை. ஆனால் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது.

"புதன்கிழமை எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?" என்று கேட்டான். அண்ணன் திரும்பவில்லை. "ஏழரைக்கு." "வர்றேன்." "யோசிச்சுச் சொல்லுடா. நான் இப்படிப் பேசினேன்னு..." "யோசிச்சு யோசிச்சு அலுத்துப்போச்சுண்ணா. டெஸ்ட்டு எடுக்கட்டும். பொருந்தலேன்னா விட்டுது. பொருந்திச்சுன்னா அப்பவும் எனக்குப் பயமாத்தான் இருக்கும். பயந்துக்கிட்டே வர்றேன்." அண்ணன் எழுந்திருக்கக் கையை நீட்டினார். தணிகாசலம் அடிபடாத கையால் பிடித்துத் தூக்கினான். கனத்தார். நேற்றுதான் மிஷினில் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள், இன்றைக்கே இவ்வளவு கனம்.

ரோட்டுக்கு ஆட்டோவில் வந்து, புளியமரத்தடியில் பஸ்ஸுக்காக நின்றார்கள். அண்ணன் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தணிகாசலம் கொஞ்சம் தள்ளிப் போய்க் குமுதாவைக் கூப்பிட்டான். நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள். மிக்ஸி ஓடி நின்ற சத்தம். "புதன்கிழமை டெஸ்ட்டுக்குப் போறேன்னு அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன்" என்றான். ஒரே மூச்சில் சொன்னான், இடையில் நிறுத்தினால் மீதி வராது என்று. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் துண்டித்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தான், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு லாரி போயிற்று, புழுதி அடங்கியது. அவள் அழுகிறாளா, அடுப்பை அணைக்கப் போனாளா, தெரியவில்லை. சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும். வெறும் டெஸ்ட்டுதான் என்று சொல்லலாம், சொன்னால் பொய்யாகிவிடும். நின்றான். பிறகு குமுதா, "வெறும் வயித்துல போகணுமா?" என்று கேட்டாள். "தெரியலயே" என்றான். "கேட்டுச் சொல்லுங்க. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து இட்லி ஊத்தறதா வேணாமான்னு தெரியணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அது கோபமா, சம்மதமா, இரண்டும்தானா என்று அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அண்ணனிடம் போனான். அவர் தூங்கிவிட்டிருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. பஸ் வரும்வரை அவர் முகத்தில் வெயில் விழாமல் மறைத்துக்கொண்டு நின்றான்.